நாலாவது சரணம்

"தோசைக்கல்லு வேணாம் ஆன்ட்டி," என்றான் பென்னி. "ஹோட்டல் பாட்டு மாதிரி இருக்கு."

"அப்போ என்ன போடச் சொல்றே?"

"தீபம்னு போட்டுக்கலாம். தீபம்னா டீசன்ட்டா இருக்கும்."

"எம்புள்ள போன் பண்ணி, தீபத்தைப் போடும்மான்னா சொன்னான்? கல்லைப் போடும்மான்னுதான் சொன்னான்."

பென்னி ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். அவனுடைய வீட்டு மாடி அறைதான் ஸ்டுடியோ. சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தான். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பதும் அவன்தான். யார் பாட்டு எழுதினாலும் அதற்கு ட்ராக் போட்டுத் தருவதும் அவன்தான். குரல் மட்டும் இல்லாமல், மற்ற எல்லா வாத்தியமும் சேர்ந்த இசை. பாடுகிறவர் மைக்கைப் பிடித்து அதன்மேல் பாடினால் போதும்.

"சரி, கல்லு இருக்கட்டும்," என்றான். "நாலாவது சரணம் எங்கே?"

"மூணுதான்."

"எல்லாப் பாட்டுக்கும் நாலு எழுதுவீங்களே ஆன்ட்டி."

அது உண்மைதான். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் கனகவல்லி, ராகம் தாளம் எதுவும் கற்றுக்கொண்டவள் அல்ல. கூட்டமில்லாத மத்தியானங்களில் ஏதாவது மெட்டு வரும். அதைப் பிடித்து வைத்து வார்த்தை போடுவாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு, கிறிஸ்துமஸுக்கு, யார் வீட்டிலாவது குழந்தை பிறந்தால் அதற்கு என்று பல பாட்டுகள் எழுதியிருக்கிறாள். போனில் பாடி சபையின் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். எல்லாவற்றிலும் கடைசிச் சரணம் ஸ்தோத்திரம்தான்.

இந்தப் பாட்டு வேறு. மகன் சாலமன் மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது, பெருங்களத்தூரில் வண்டியை ஓரம் கட்டி அம்மாவுக்குப் போன் செய்வான். "கல்லைப் போடும்மா." கல் காய்வதற்கும் அவன் இரும்புலியூர் வீட்டுக்கு வந்து சேர்வதற்கும் சரியாக இருக்கும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு சாயங்காலம் போன் வந்தது, கல்லும் காய்ந்தது, அவன் வரவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி.

எங்கே இருந்தீர் ஐயா – என் பிள்ளை
என்னை அழைத்தபோது எங்கே இருந்தீர்

என்று பல்லவி.

கல்லைப் போடென்று சொல்லி வைத்தான்
கல்லும் காய்ந்தது, காணவில்லை
மாவு மணக்கிற கையோடே
வந்து கேட்கிறேன், எங்கே இருந்தீர்

அது முதல் சரணம். இரண்டாவதில் ஆஸ்பத்திரி வராந்தா வரும். மூன்றாவது இப்படி முடியும்:

வாசலை அடைத்தாலும் போகமாட்டேன்
வாய் திறக்கும்வரை விடமாட்டேன்

அதோடு பாட்டு நின்றுவிடும். குழுவில் போட்டபோது, வழக்கமாக ஆமென் என்று எழுதுகிறவர்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சிலர் கைகூப்பிய படம் போட்டார்கள். ஆனால் பாட்டு எங்கெங்கோ போய்விட்டது. கோவளத்தில் மீன் விற்கும் ஒரு பெண், தனக்குக் கனகவல்லி யாரென்றே தெரியாமல், அதைத் திரும்பப் பாடி அனுப்பியிருந்தாள். பாஸ்டர் சுவிசேஷமுத்து தானே போன் செய்து, ஸ்தோத்திரப் பண்டிகையில் இந்தப் பாட்டைப் பாடச் சொன்னார்.

"மூணே இருக்கட்டும்," என்று பென்னியிடம் சொல்லிவிட்டு இறங்கினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் சர்ச்சில் ஒத்திகை. வாழைமரமும் கரும்பும் கட்டிக்கொண்டிருந்தார்கள். விளைந்ததில் முதல் பங்கைக் கொண்டுவந்து படைத்து நன்றி சொல்லும் பண்டிகை. இப்போது யார் வீட்டிலும் விளைச்சல் கிடையாது, மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காயும் புடலங்காயும் பீடத்தைச் சுற்றி அடுக்கியிருந்தன.

ட்ராக் ஓடியது. கனகவல்லி மூன்று சரணமும் பாடி முடித்து மைக்கை இறக்கினாள். இசை நிற்கவில்லை. புல்லாங்குழல் ஒன்று புதிதாக நுழைந்தது. பாட்டு வரிகள் காட்டும் திரையில் எழுத்து வந்தது.

நன்மையாய் எல்லாம் செய்தவரே
நன்றியால் உம்மைத் துதிக்கின்றேன்
கண்ணீர் யாவும் துடைத்தீரே
காலமெல்லாம் நான் பாடிடுவேன்

கீழே, 'இயற்றியவர்: திருமதி கனகவல்லி ஏசுபாதம்' என்று இருந்தது.

"இது யார் எழுதினது பென்னி?"

"நான்தான் ஆன்ட்டி. சர்ப்ரைஸா இருக்கட்டும்னு."

"கண்ணீர் யாவும் துடைத்தீரேன்னு எழுதியிருக்கியே. எப்போ துடைச்சாரு? நீ பாத்தியா?"

பென்னி லேப்டாப்பைப் பார்த்தான். பாஸ்டர் பூசணிக்காய்களைத் தாண்டிக்கொண்டு வந்தார்.

"பென்னியைத் திட்டாதீங்கம்மா. நான்தான் எழுதச் சொன்னேன். நாளைக்கு என்ன பண்டிகை?"

"ஸ்தோத்திரப் பண்டிகை."

"அதுல ஸ்தோத்திரமே இல்லாத பாட்டைப் பாடினா? சபைக்கு வர்றவங்க ஆறுதல் தேடி வர்றாங்க."

"நானும் அதுக்குத்தான் பாஸ்டர் வர்றேன். கெடைச்சதும் எழுதறேன். கடையில ஸ்டாக் வராத மருந்துக்கு நான் பில் போடறதில்ல."

பாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சாலமனுக்கு ஞானஸ்நானம் குடுத்ததும் நான்தான், அடக்கம் பண்ணதும் நான்தான். எனக்கு அந்தக் கேள்வி இல்லேன்னு நினைக்காதீங்க. ஆனா அதை நான் மைக்ல கேக்க முடியாது."

"நான் கேக்கலாமே. எனக்கென்ன சம்பளமா குடுக்கறாங்க?"

"நாலு சரணம் பாடறதுன்னா பாடுங்க. இல்லேன்னா வேற யாராவது வேற பாட்டு பாடட்டும்."

"என் பாட்டை நான் பாடறேன். மூணு பாடுவேன்."

"ட்ராக்ல நாலு இருக்கும்மா. மூணு முடிச்சுட்டு, அவ்வளவு பேர் முன்னாடி, மீதி இசை ஓடறவரைக்கும் வாயை மூடிக்கினு நிப்பீங்களா?"

"நிப்பேன்."

"நிக்க மாட்டீங்க," என்றார் பாஸ்டர், கோபமில்லாமல். "இசை வந்துட்டா வாய் தானா பாடிடும். வாங்க, நாளைக்குப் பாக்கலாம்."

வீட்டுக்கு வந்தபோது கணவர் ஏசுபாதம் தன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுச் சொந்தக்காரம்மா கங்கையம்மாள் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் அவள் மாமனார் உழுத நிலம். இப்போது வாடகை வீடுகள். கனகவல்லி விஷயத்தைச் சொன்னாள்.

"உன் சாமிய நீ கேக்குற," என்றாள் கங்கையம்மாள். "நடுவுல அந்தப் பையனுக்கு இன்னா வேலை? எங்க அம்மன நான் கேக்காத கேள்வியா? எங்கூட்டுக்காரரு போனப்போ கோயில் வாசல்லயே நின்னு திட்டிகீறேன். அது பாட்டுக்குக் கேட்டுகினு உக்காந்திருந்துச்சு."

"ஒண்ணும் சொல்லலியா?"

"இன்னும் சொல்லல. நானும் உடல, போய்க்கினுதான் கீறேன்."

ஏசுபாதம் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டார். "பாடிடும்மே," என்றார்.

"நீயுமா?"

"நாலு வரிதானே. யாருக்கு இன்னா நஷ்டம்?"

"எனக்கு நஷ்டம். நாளைக்கு அதைப் பாடிட்டேன்னா என் கேள்வி முடிஞ்சுபோச்சுன்னு ஆயிடும். எல்லாரும் வூட்டுக்குப் போயி சோறு துன்னுடுவாங்க. சாமியும் அப்பாடான்னு போயிடும்."

"அது இல்ல கனகா." அவர் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்தார். "தொடைச்சாருன்னு யாராச்சும் பாடுனா கேக்கணும்போல கீது எனக்கு. பொய்யா இருந்தாலும் பரவால்ல. ரெண்டு வருசமா எவனும் அத்த எங்கிட்ட சொல்லல."

கனகவல்லி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உனக்காகக்கூட என் வாயில வராதுய்யா," என்றாள் கடைசியில்.

"தெரியும். சும்மா சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் நிறைந்திருந்தது. ஆராதனைக்குப் பிறகு காய்கறி ஏலம், அதன்பிறகு சாப்பாடு. ஏலத்துக்காக வருஷா வருஷம் வரும் கங்கையம்மாள், பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏசுபாதம் ஆண்கள் பக்கம், தூணை ஒட்டி.

கனகவல்லியின் பெயரைச் சொன்னார்கள். போய் மைக்கைப் பிடித்தாள். ட்ராக் ஆரம்பித்தது.

தோசைக்கல் வந்த இடத்தில் முன்வரிசைப் பையன் ஒருவன் சிரித்தான். அவன் அம்மா தொடையில் கிள்ளினாள். ஆஸ்பத்திரி வராந்தா வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. 'விடமாட்டேன்' என்பதை ஒத்திகையில் பாடியதைவிட அழுத்திப் பாடினாள். மைக்கை இடுப்புக்கு இறக்கினாள்.

புல்லாங்குழல் நுழைந்தது. திரையில் எழுத்து மாறியது.

பென்னி லேப்டாப்பில் கை வைத்துக்கொண்டு பாஸ்டரைப் பார்த்தான். ஓடட்டும் என்று பாஸ்டர் கண்ணால் காட்டினார். கனகவல்லிக்கு அந்த மெட்டு தொண்டை வரைக்கும் வந்தது. நேற்று அவர் சொன்னது பொய்யில்லை. அவளே போட்ட மெட்டு, வாய் தானாகத் திறக்கப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல், ஜனங்களைப் பார்த்து நின்றாள்.

திரையில் என்ன வந்தாலும் பாடிவிடும் பழக்கம் உள்ளவர்கள் முன்வரிசையில் ஆரம்பித்தார்கள். நன்மையாய் எல்லாம் செய்தவரே. இன்னும் சில குரல்கள் சேர்ந்தன.

"அது கனகா எழுதனது இல்ல."

கடைசி வரிசையிலிருந்து. மெதுவாகப் பேசி கங்கையம்மாளுக்குப் பழக்கமில்லை.

தலைகள் திரும்பின. பெண்கள் பக்கம் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. நன்றியால் உம்மைத் துதிக்கின்றேன் என்ற இடத்தில் ஆண்கள் பக்கம் இரண்டு மூன்று பேர்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரே ஒரு குரல். சுருதி சேராத, கரகரத்த குரல். தூணுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

ஏசுபாதம் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தார்.

கனகவல்லி அவரைத் தடுக்கவில்லை. பாடட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு அது வேண்டியிருந்தது.

"கண்ணீர் யாவும்..." என்று அவர் பாடினார். அடுத்த சொல் திரையில் பெரிதாக இருந்தது. இசை அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கவில்லை, தாண்டிப் போயிற்று. அவர் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு மூடிக்கொண்டார். உட்காரவில்லை.

அதற்குப் பிறகு யாரும் பாடவில்லை. குரல் வரவேண்டிய இடமெல்லாம் காலியாக, ட்ராக் மட்டும் ஓடியது. தபேலாவும் புல்லாங்குழலும் தங்களுக்குத் தெரிந்ததை வாசித்தன. ஃபேன் சத்தம் கேட்டது. ஒரு குழந்தை கேட்டது, "ஏம்மா யாரும் பாடல?" கனகவல்லி கடைசித் தட்டு வரைக்கும் நின்றாள். அந்தப் பக்கம் ஏசுபாதமும் நின்றார்.

இசை முடிந்ததும் மைக்கைத் தூக்கினாள்.

"நாலாவது சரணம் எனக்கு இன்னும் வரல. வந்தா நானே எழுதி, நானே பாடுவேன். என் பேரு போட்டு வேற யாரும் எழுத வேணாம்."

இறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பாஸ்டர் எழுந்து ஜெபம் செய்தார். வழக்கமான ஜெபத்தைவிட அது சின்னதாக முடிந்தது.

ஏலமும் சாப்பாடும் முடிந்து கிளம்பும்போது பாஸ்டர் கேட்டில் நின்றிருந்தார்.

"நின்னுட்டீங்களே," என்றார்.

"நிப்பேன்னு சொன்னேனே பாஸ்டர்."

"கமிட்டியில என்னைத்தான் கேப்பாங்க. சரி, அடுத்த பண்டிகைக்குள்ள நாலாவது வந்துடுமா?"

"வந்தா நாலு பாடறேன். வராட்டியும் வந்து மூணு பாடுவேன்."

"பாட விடுவேன்னு யார் சொன்னது?"

"வாசலை அடைச்சாலும் போகமாட்டேன்னு ஏற்கெனவே பாடியாச்சே."

பாஸ்டர் வழி விட்டார். பென்னி பின்னாலேயே ஓடி வந்தான். "ஆன்ட்டி, மூணு சரணத்துக்கு வேற ட்ராக் போட்டுத் தரவா?"

"போடு. கடைசியில புல்லாங்குழல் எல்லாம் வேணாம். சும்மா நிறுத்திடு."

"பொசுக்குன்னு நிக்குமே."

"அப்படித்தான் நின்னுச்சு," என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

கங்கையம்மாள் ஏலத்தில் எடுத்த பூசணிக்காயோடு ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள். வண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியது.

"'கண்ணீர் யாவும்' வரைக்கும் வந்துச்சு," என்றார் ஏசுபாதம், கண்ணாடியில் அவளைப் பார்த்து. "அதுக்கு மேல வரல."

"கேட்டேன்."

"பையன் நல்லாத்தான் எழுதிகீறான். வாயில நிக்கல."

இரும்புலியூர் சிக்னலில் சிவப்பு. முன்னும் பின்னும் பஸ், லாரி, டூவீலர்.

"பாடேன்," என்றார்.

"எத்தை?"

"உன்னோடத. மூணும்."

"இங்கியா? ரோட்டுலயா?"

"இந்த ரோட்டுலதான் பாடணும்."

கனகவல்லி பாடினாள். முதலில் வண்டிக்குள் கேட்கிற அளவுக்கு. பிறகு லாரி எஞ்சின் சத்தத்துக்கு மேலே. பக்கத்து டூவீலர்க்காரன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தான். பல்லவிக்கு கங்கையம்மாளும் சேர்ந்துகொண்டாள். பச்சை விழுந்தது. பின்னால் நின்ற பஸ் விடாமல் ஹார்ன் அடித்தது.

ஏசுபாதம் வண்டியை எடுக்காமல், தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"இருய்யா. இன்னும் ஒரு சரணம் பாக்கி கீது."