கடைசிப் பாட்டின் வயலின்

அர்ஜுனன் எங்கள் பேண்டுக்குள் வந்ததிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டேதான் இருக்கிறது. இதை மறைத்துப் பேசும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

பேண்டின் பெயர் சாயப்பட்டறை. கிட்டார் நான், சிவபாலன். பகலில் காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவைக் கரைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறேன். பாட்டு ஷாரோன், டிரம்ஸ் அவள் அண்ணன் ஜான்சன். செவிலிமேட்டில் அவர்கள் வீட்டு மாடி ஷெட்டில் சைக்கடெலிக் ராக் வாசிக்கிறோம். கேட்பவர் தலைக்குள் பாட்டு நிறம் நிறமாகக் கரைய வேண்டும். அதற்கு என் கிட்டாரும் காலடியில் கிடக்கும், மிதித்தால் ஒலியை எதிரொலிக்க வைக்கும் எக்கோ பெடலும் போதும் என்றுதான் இருந்தோம்.

முதல் ஆல்பத்துக்கு ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும் என்று ஷாரோனுக்குத் தோன்றிவிட்டது. சர்ச் பாடகர் குழுவுக்கு வயலின் பகுதிகள் எழுதித் தரும் அர்ஜுனனைக் கூட்டி வந்தாள். அவன் நான்கு வயலின்காரர்களையும் பெரிய வயலின் மாதிரியான செல்லோ வாசிக்கும் ஒருவரையும் கூட்டி வந்தான். அன்றிலிருந்து எந்தச் சந்தேகம் வந்தாலும் அவள் அவன் முகத்தைத்தான் பார்க்கிறாள். பள்ளிக்கூட நாளிலிருந்து என் முகத்தைப் பார்த்தவள். டீ வந்தால்கூட முதல் கிளாஸ் அவனுக்கு.

ஆல்பம் ஒரே சீராக வரவில்லை என்பதைச் சந்தோஷமாகவே சொல்கிறேன். இரண்டாவது பாட்டில் வயலின்கள் கல்யாண ரிசப்ஷனில் வாசிப்பது போல இழைகின்றன. நாலாவதில் செல்லோவும் டிரம்ஸும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் போகின்றன. இதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அர்ஜுனன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனால் கடைசிப் பாட்டைக் குறை சொல்ல முடியவில்லை. அதில் நான் தனியாக வாசிக்கும் சோலோவுக்கு முன்னால் வயலின்களுக்கு ஒரு மெட்டு வைத்திருந்தான். மெதுவாக ஏறி, இறங்கப்போவது போல் தயங்கி, திரும்பவும் ஏறும். முதல் தடவை கேட்டபோது ஜான்சன் டிரம்ஸ் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான். ஷாரோன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் சோலோவுக்கு அவள் ஒரு நாளும் அழுததில்லை. அதற்குப் பிறகு நான் வாசித்தது எனக்கே இரைச்சலாகக் கேட்டது. இப்படி ஒரு மெட்டு எனக்கு ஏன் வரவில்லை என்ற பொறாமையில் அன்று சோறு இறங்கவில்லை.

பதிவுகளை ஒன்றுசேர்க்கும் மிக்ஸிங்குக்கு உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். கடைசிப் பாட்டில் அந்த வயலின் இருந்தால் ஆல்பத்தில் நான் இல்லை.

ஷாரோன் என்னை உற்றுப் பார்த்தாள்.

"அது உன் மெட்டுப்பா," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அர்ஜுனன் போனை எடுத்து ஒரு பதிவைப் போட்டான். அவன் எங்களிடம் வந்த முதல் நாள் எடுத்தது. பாட்டு இன்னும் தொடங்கவில்லை. பெடல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் கம்பிகளைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஜான்சன் டீக்குச் சொல்லும் குரல் கேட்கிறது. அதற்கு நடுவே அதே மெட்டு ஏறுகிறது, தயங்குகிறது, திரும்பவும் ஏறுகிறது.

"நீ டெய்லி வந்ததும் இதத்தான் வாசிச்சிக்கினு இருப்ப," என்றான் அர்ஜுனன். "அப்பால பாட்டு ஆரம்பிச்சா வேற இன்னாத்தையோ வாசிப்ப. வயலின்ல கேட்டதுமே உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். ஆல்பத்துலயும் அந்த மெட்டுக்கு உன் பேருதான் போட்டிருக்குது."

என்ன செய்யலாம் என்று ஷாரோன் கேட்டாள். அர்ஜுனன் வந்த பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். வயலின் இருக்கட்டும் என்றேன்.

எல்லாரும் டீ குடிக்க எழுந்தார்கள். நான் கிட்டாரை எடுத்து, பெடலை மிதித்து, அந்த மெட்டை முதல் தடவையாகத் தெரிந்தே வாசித்தேன். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. ஷாரோன் கையில் கிளாஸோடு நின்று கடைசி வரை கேட்டாள்.

"நல்லா இருக்குதுபா," என்றாள். கண்ணைத் துடைக்கவில்லை.