சொர்ணவல்லி எடுத்த வீடியோ

கூடத்தின் நட்ட நடுவில் ஒரு டைல்ஸ் கறுத்துப்போய், மூலைக்கு மூலை வெடித்துக் கிடந்தது. வீட்டுக்காரி சொர்ணவல்லிக்கு வயிறு எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாட்டினார்கள்! இத்தனை வருஷத்தில் ஒரு குடித்தனமாவது கையும் களவுமாக மாட்டியது!

திருக்கோகர்ணத்தில் அந்த மாடி வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்ட நாளிலிருந்து அவள் ஏமாந்ததுதான் மிச்சம். முதலில் இருந்தவர்கள் வாஷ்பேசினை உடைத்துவிட்டு, "நாங்க வாரப்பவே இப்படித்தாங்க இருந்துச்சு" என்றார்கள். அடுத்து வந்தவர்கள் கதவுத் தாழ்ப்பாளைப் பிடுங்கிவிட்டு அதே பாட்டைப் பாடினார்கள். இரண்டு தடவையும் அவளிடம் ஆதாரம் இல்லை. முழு அட்வான்ஸையும் கொடுத்தனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். தெருவே தன்னை ஏமாளி என்று பேசிச் சிரிப்பதாக அவளுக்கு ஒரு எண்ணம். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு முன்பு ஜெரால்டு குடும்பம் குடிவந்த அன்று, சாமான் ஏறுவதற்கு முன்பே சுவர், தரை, குழாய் என்று ஒன்று விடாமல் செல்போனில் வீடியோ எடுத்து வைத்தாள்.

இன்று அவர்கள் காலி செய்கிறார்கள். வல்லத்திராக்கோட்டையில் சொந்த வீடு கட்டியாயிற்று. சாமானெல்லாம் வண்டிக்குப் போய்விட்டது. கடைசியாகக் கூடத்துப் பாயைச் சுருட்டியபோதுதான் இந்த வெடிப்பு வெளியே வந்தது.

"தம்பி, இங்கிட்டு வாங்க. இது என்ன?"

ஜெரால்டு மனைவி அன்புமொழியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"புது டைல்ஸுக்கு ஆகுறத அட்வான்ஸ்ல பிடிச்சுக்கங்கக்கா" என்றான்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டால் எப்படி? இரண்டு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்த ஆதாரத்தைக் காட்டாமல் விட அவளுக்கு மனசு வருமா?

"இருங்க தம்பி! நான் சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்றவ இல்ல. நீங்க வந்த அன்னைக்குத் தரை எப்புடி இருந்துச்சுன்னு கண்ணால பாருங்க."

"வேணாம்க்கா" என்றாள் அன்புமொழி பதறிப்போய்.

அந்தப் பதற்றம் சொர்ணவல்லியின் உற்சாகத்தை இன்னும் கிளப்பிவிட்டது. வீடியோவை ஓடவிட்டாள். சுவர் வந்தது. குழாய் வந்தது. பளபளவென்று தரை வந்தது. "பாத்தீங்களா! ஒரு கீறல் உண்டா?"

தரை வரைக்கும்தான் அவள் எப்போதும் பார்ப்பாள். இன்று நிறுத்த மறந்துவிட்டாள். வீடியோ மேலே ஓடியது.

அதே கூடம். வெறும் தரையில் மூன்று செங்கல், அதன் மேல் புதுப்பானையில் பால். அதன் முன்னால் அன்புமொழி குனிந்திருந்தாள். "கேஸ் அடுப்புலயே காய்ச்சிறலாமேக்கா? எங்க வீட்டுல ஜெபம் பண்ணித்தான் குடிபோவோம்."

"ஜெபமும் பண்ணு, யாரு வேணாங்குறா? பாலு பொங்காம என் வீட்டுல யாரும் குடிவந்ததில்ல. வெறகுல பொங்குனாத்தான் ஒனக்கு வாழ்க்கை பொங்கும். வை, இன்னும் ரெண்டு குச்சி வை. இன்னும்!"

சொர்ணவல்லியின் குரலேதான். தீ குபுகுபுவென்று எரிந்தது. பால் பொங்கித் தரையில் வழிந்தது. டப்பென்று ஒரு சத்தம்.

"கேட்டியா! நல்ல சகுனம்! வீடே ஒன்னைய வாழ்த்துது!"

வீடியோ முடிந்தது. சொர்ணவல்லிக்கு முகமெல்லாம் சுட்டது.

"அடிப்பாவி... அன்னைக்கே ஏன் சொல்லல?"

"அன்னைக்கு ஒங்க மொகத்துல அம்புட்டுச் சந்தோசம்க்கா. சொல்ல மனசு வரல. பாயப் போட்டு மூடிட்டோம்."

முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்புறம் எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அட்வான்ஸ் கவரை அப்படியே எடுத்து அன்புமொழியின் கையில் திணித்தாள். மூன்றாவது தடவையாக முழுசாகக் கொடுக்கிறாள். ஏமாந்த மாதிரி மட்டும் இல்லை.

"நாளைக்குக் காலையில புது வீட்டுல பால் காய்ச்சுறோம்க்கா" என்றாள் அன்புமொழி. "நீங்கதான் வந்து அடுப்பு பத்தவைக்கணும்."

"நானா? ஆத்தாடி, வேணாம்! கேஸ்லயே காய்ச்சுங்க!"

"வெறகுதான்க்கா. மூணு செங்கல் எடுத்து வச்சாச்சு" என்றான் ஜெரால்டு. "அடியில ரெண்டு சட்டி மணலும் கொட்டியாச்சு. நீங்க எம்புட்டுக் குச்சி வேணும்னாலும் வைங்க."