நேசத்தின் மாடிக்கு ஷீட்டு போடுவது பற்றி

1

இந்தக் கதையை நான் கேரள எல்லையில், பனச்சமூடு பஸ் நிறுத்தத்தில் ஒட்டுக்கேட்டேன். ஒரே ஒரு வாக்கியம். முன்னால் நின்றவள் தோழியிடம் சொன்னாள்: "காலத்தே எழும்பி மாடியில நிண்ணு மேல பாப்பேன் பிள்ளே. நல்ல சொகமாக்கும்." அதற்குள் அவர்களுடைய பஸ் வந்துவிட்டது. சந்தோஷமாக இருப்பவளை வைத்துக் கதை எழுதுவது எவ்வளவு தொல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

நேசம் என்று பெயர் வைத்தேன். கணவர் ராஜையா. எல்லைக்கு அந்தப் பக்கம், செங்கல் என்ற ஊரில் மொட்டைமாடி வீடு.

2

முதல் தொடக்கம்: கிழக்கே செம்மை படர்ந்

(வேண்டாம். நிறையப் பேர் படரவிட்டுவிட்டார்கள்.)

இரண்டாவது: தமிழ்நாட்டில் புறப்பட்ட மேகம் எந்தச் சோதனைச்சாவடியிலும் நிற்காமல் கேரளத்துக்குள்

(எழுதிவிட்டு ஒரு நிமிடம் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அதனாலேயே அடித்தேன்.)

மூன்றாவது: வானம் அரிசி களைந்த தண்ணீர்போல இருந்தது. ஓரம் மட்டும் மெல்ல மஞ்சளாயிற்று. நேசம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இது இருக்கட்டும்.

3

கதைக்குச் சிக்கல் வேண்டுமே. மழைக்குப் படுக்கையறை ஒழுகுகிறது. மாடி முழுவதும் இரும்புக் கால் நாட்டி, கூரையாகத் தகர ஷீட்டு போட ராஜையா முடிவுசெய்கிறார். நியாயமான மனிதர், அதுதான் கஷ்டம்.

"முழுசும் மூடினா நான் எப்பிடி மேல பாப்பேன்?"

"மேல என்ன உண்டு?"

"ஒண்ணும் இல்ல. வெறுதே* பாக்குதேன்."

"நீ வெறுதே பாக்குததுக்கு வீடு ஒழுகணுமாக்கும்?"

பக்கத்து வீட்டுப் பிரேமகுமாரி மதிலுக்கு மேல் தலையை நீட்டுகிறாள். "அண்ணாந்தே நிக்குதியளே அக்கா, கழுத்து பிடிச்சோ? தைலம் உண்டு, கொண்டு வாறேன்."

(*சும்மா. மலையாளத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட சொல். சொல்பவரை யாரும் நம்புவதில்லை.)

4

நேசத்துக்கு ஒரு காரணம் கொடுக்கப் பார்த்தேன். ஜெபம் என்றால் ராஜையா மறுபேச்சு பேசமாட்டார், ஆனால் பொய். டாக்டர் சொன்ன வெயில் என்றால், முற்றத்தில் வெயில் இல்லையா என்பார். இறந்துபோன தங்கை? நீங்கள் அழுவீர்கள், எனக்கும் நல்ல பெயர். நேசம் மறுத்துவிட்டாள். "எனக்குத் தங்கச்சியே கிடையாது."

ஒருத்தி துக்கத்தோடு மாடியில் நின்றால் வீடே வழிவிடும். நன்றாக இருக்கிறது என்று நின்றால்தான் விசாரணை. அந்த விசாரணையில் நானும்

(இந்த வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருக்கிறது.)

5

அளவெடுக்க வெல்டிங் கனகதாஸ் காலையிலேயே வந்துவிட்டார்.

முடிவு அ: ராஜையா அண்ணாந்து பார்க்கிறார், கண் கலங்குகிறது. (ராஜையா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.)

முடிவு ஆ: மாடி முழுவதும் ஷீட்டு. நேசம் முற்றத்தில் நிற்கிறாள், தென்னோலைகளுக்கு நடுவே கைக்குட்டை அளவு வானம். (எழுதிவிட்டேன். சோறு இறங்கவில்லை.)

மிச்சம் இருப்பது இதுதான்:

"படுக்கிற முறிக்கு மேல மட்டும் போடுங்க. பாக்கி திறந்து கெடக்கட்டு," என்கிறாள் நேசம்.

"பாதி ஷீட்டா? ராஜையாக்க கையில பைசா தீந்துட்டுண்ணு ஆளுவ சொல்லுவாவ," என்கிறார் ராஜையா.

"சட்டுணு சொல்லுங்க அண்ணா," என்கிறார் கனகதாஸ். "எனக்கு ஒற்றசேகரமங்கலத்துல வேற வேல உண்டு."

ராஜையா அளவு டேப்பின் ஒரு முனையைப் படுக்கையறைப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் அழுத்திக்கொண்டு மறுமுனையை மனைவியிடம் நீட்டுகிறார். "இந்தா, நீயே பிடி. நீ நிக்குத எடம் வரைக்கும் ஷீட்டு. போதுமா?"

நேசம் டேப்பை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். எங்கே நிற்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. நில் என்று சொல்ல வேண்டியது நீங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், அவள் மேலே பார்த்தபடியே நடந்துகொண்டிருக்கிறாள்.