டிராயருக்குள் ராஜா

வாஞ்சிநாதன் ஆபீசில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற பெரிய குமாஸ்தா. ஆனால் காளிகாட் வீட்டில், தன் சொந்த மேஜையின் கீழ் டிராயரைத் திறக்க அவனுக்குத் தைரியம் கிடையாது. அதற்குள் பழைய அங்கவஸ்திரத்தில் சுற்றி, தலை வேறு உடம்பு வேறாக ஒரு மரப்பாச்சி பொம்மை கிடந்தது.

போன வருஷ மழையில் அந்த டிராயர் ஊறிப்போய், மூடமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆபீசுக்கு நேரமாகிவிட்ட எரிச்சல். மனைவி நாகலக்ஷ்மி கொலுப் பொம்மைகளைக் காற்றாட வெளியே எடுத்து வைத்திருந்தாள். அவளுடைய கல்யாணச் சீரில் வந்த ராஜா-ராணி ஜோடியில் ராஜாதான் இவன் கைக்கு அகப்பட்டார். ஓங்கி ஒரு தட்டு. டிராயர் மூடிக்கொண்டது, ராஜாவின் கழுத்து முறிந்தது. தச்சனிடம் கொடுத்து ஒட்டிவிடலாம் என்று அதே டிராயரை இழுத்து உள்ளே போட்டான். மகானுபாவன், போட்டதோடு சரி.

நவராத்திரி வந்தது. ராணி மட்டும் தனியாகக் கொலுப்படி ஏறினாள். தான்தான் எங்கோ தொலைத்துவிட்டோம் என்று நாகலக்ஷ்மி அழுதாள். ஜோடி பிரிந்ததே, புருஷனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நடுங்கினாள். அவன் ஆயுசுக்காக, செவ்வாய்க்கிழமைதோறும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் காளி கோயிலுக்கு நடப்பதாக வேண்டிக்கொண்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். அழுகிறவளிடம் எப்படிச் சொல்வது, ஓயட்டும் என்று இருந்தான். ஓய்ந்த பிறகு, இனிமேல் எப்படிச் சொல்வது என்று இருந்தான். அவள் வளையல்கள் முழங்கை வரை ஏற ஆரம்பித்தன. பாவி, பார்த்துக்கொண்டேதான் இருந்தான்.

மறுவருஷ சரஸ்வதி பூஜை செவ்வாய்க்கிழமையில் வந்தது. பூஜைக்காக மேஜையைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட வந்தவள், கீழ் டிராயரையும் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. போகட்டும், மேலாகத் துடைத்தால் போதும் என்று விட்டுவிட்டாள். அப்பாடா என்று இவன் மூச்சு விடுவதற்குள், அவள் கண் இருட்டி மேஜைக் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குமேல் அவனால் முடியவில்லை. இரண்டு கையாலும் டிராயரைப் பிடுங்கி இழுத்து, மூட்டையை அவள் மடியில் வைத்தான். நடந்ததைத் தலைகுனிந்து சொல்லி முடித்தான்.

நாகலக்ஷ்மி தலையையும் உடம்பையும் சேர்த்துப் பார்த்தாள். அழவில்லை.

"ஏன்னா, ஒடஞ்சது போகட்டும். நான் பட்டினி கெடந்த அன்னிக்கெல்லாம் என் கையாலதானே ஒங்களுக்குச் சாதம் போட்டேன்? எப்படி எறங்கித்து?"



மூளியான பொம்மையைக் கொலுவில் வைக்கக்கூடாது. அவள் அதை மேஜைமேல், மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அங்கேயே இருக்கட்டும் என்றாள். வருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால் நீங்களே சொல்லுங்கள் என்றும் சொன்னாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை. அவனுக்குப் பரிமாறிவிட்டு, வழக்கமில்லாத வழக்கமாக எதிரிலேயே தனக்கும் இலை போட்டுக்கொண்டாள். குழம்புச் சாதம், ரசம், மோர் என்று நிதானமாகச் சாப்பிட்டாள். அவனுக்குத்தான் பிசைந்த சாதம் கையிலேயே இருந்தது.