மேலே காட்டிய விரல்

துணிக்கடையில் அவளுக்குப் பொம்மைக்காரி என்று பெயர். வீட்டிலோ, அதே கடையின் கணக்குப் பிரிவில் அவள் குப்பை கொட்டுவதாக நினைப்பு. கணக்குப் படித்த பெண் கணக்குத்தானே பார்ப்பாள்? சேர்ந்த புதிதில் சமாளிக்கச் சொன்ன பொய் அது. உண்மையில் அவள் வேலை, பொம்மைகளின் கையைக் கழற்றிச் சட்டை மாட்டுவது, தொளதொளப்பை முதுகுப் பக்கம் இழுத்துக் குண்டூசி குத்துவது. முன்னால் நின்று பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாக இருக்கும். பின்னால் போய்ப் பார்த்தால் முள்ளம்பன்றிதான்.

வேடிக்கை என்னவென்றால், போன வாரம் கணக்குப் பிரிவுக்கு நிஜமாகவே ஆள் தேவைப்பட்டது. மேலாளர் கூப்பிட்டு, "மேல வந்துடறியாம்மா?" என்றார். இவள் வேண்டாம் என்றுவிட்டாள். தான் உடுத்திவிட்ட கோட்டுக்கு முன்னால் ஆட்கள் ஒரு கணம் நின்று பார்ப்பார்களே, அந்த ருசி விடவில்லை. ஆனால் இதைப் போய் வீட்டில் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

அன்று மாடிப்படி ஓரத்தில், ஒரு பொம்மையின் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாய் நிறையக் குண்டூசியோடு குனிந்து நின்றபோது, பின்னால் அத்தையின் குரல் கேட்டது. ஊரையே கூட்டுகிற குரல் அது.

"ஏம்மா, கணக்கு ஆபீஸ் எந்த மாடி? என் தம்பி பொண்ணு அங்கதான் இருக்கா."

பக்கத்தில் அம்மாவின் செருப்பு தெரிந்தது. அவள் இன்னும் குனிந்துகொண்டாள். திரும்பாமலே ஒரு விரலை மேலே காட்டினாள்.

"வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமோ?" என்றாள் அத்தை.

உதிர முத்து ஏது, ஊசிதான் இருந்தது.

அம்மா அவசரமாக, "வேலை நேரத்துல எதுக்கு அண்ணி தொந்தரவு? சாயங்காலம் வீட்டுக்குத்தானே வரப் போறா, வாங்க," என்று அத்தையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டவளை அடுத்த நொடியே வெட்கம் பிடுங்கித் தின்றது. பெற்ற தாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

மாலை, அத்தை கிளம்பிப் போனபின் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீ போட்டிருக்கற சட்டைய காலையில நான்தானே தேய்ச்சுக் குடுத்தேன். முதுகப் பார்த்தா எனக்குத் தெரியாதா? ஆனா அண்ணி முன்னாடி, இவதான் என் பொண்ணுன்னு சொல்ல வாய் வரல. அது என் தப்பு."

தன் பொய்க்கு அம்மா கூனிக் குறுகுவதை அவளால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கணக்கில் கூப்பிட்டதைச் சொன்னாள், தானே வேண்டாம் என்றதைச் சொன்னாள், பொம்மை வேலைதான் பிடித்திருக்கிறது, இனி இதுதான் தன் பிழைப்பு என்றும் சொன்னாள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இவ்வளவு பிடிச்சிருக்குன்னா, அப்ப எதுக்குடி மேல கை காட்டுன?"

இப்போது சாக்குச் சொல்ல வாயில் குண்டூசிகூட இல்லை.