முந்திப் போட்ட அஞ்சலி

என் வீட்டுக்காரரை அவருடைய கூடப்பிறந்த அண்ணனே செல்போனில் சாகடித்தார். இதை யாரிடம் சொன்னாலும், "விடு ஜெயசுதா, வயசான மனுசன், தெரியாமப் போட்டுட்டாரு" என்கிறார்கள். வயசான மனுசனாம்! ஐம்பத்தெட்டெல்லாம் ஒரு வயசா? பல் விளக்குவதற்கு முன்னால் ரோஜாப்பூப் படம் போட்டு ஊருக்கெல்லாம் காலை வணக்கம் அனுப்பத் தெரிகிறது. பேரன் பிறந்தநாளுக்குப் பாட்டோடு வீடியோ செய்யத் தெரிகிறது. இது மட்டும் தெரியாமல் போட்டாராம். கேட்கும்போதே வாயில் நன்றாக வந்துவிடும் எனக்கு.

அவர் பெயர் ஆறுமுகசாமி. நான் மாமா என்று கூப்பிடுவேன். கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில் எங்கள் தோட்டமும் அவர் தோட்டமும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. நல்ல மனுசன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் போன் கைக்கு வந்த பிறகு ஆளே மாறிப்போனார். 'வளப்பூர் நாட்டுச் சொந்தங்கள்' என்று ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. யாருக்குப் பிறந்தநாள், யார் வீட்டில் காதுகுத்து, யார் செத்தார், எல்லாவற்றையும் அதில் முதலில் அவர்தான் போட வேண்டும். சாவென்றால் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் செத்தவர் போட்டோ, மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே கைகூப்பி நிற்கிற இவருடைய போட்டோ. பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரில் செத்தது யார் என்று ஒரு நிமிஷம் சந்தேகமே வந்துவிடும். ஒரு தடவை கவியரசன் என்கிற எங்கள் பங்காளி இவரை முந்தி ஒரு சாவைப் போட்டுவிட்டார். மாமாவுக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

மாசி மாதம், மிளகு பறிப்பு. என் வீட்டுக்காரர் பூபதி சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணியிலிருந்து சறுக்கிக் கீழே பாறையில் விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்து, வளைவுக்கு வளைவு திரும்பி மலையிறங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முகமெல்லாம் வெளுத்துவிட்டது. இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, உள்ளுக்குள் ரத்தம் கசிகிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டரம்மா. என் வீட்டுக்காரருக்கு ஓ நெகட்டிவ் ரத்தம்.

"லேசுல கிடைக்காத குரூப்பும்மா. எங்ககிட்ட இருக்கறது பத்தாது. வெளியூருக்கும் சொல்லியிருக்கோம். நீங்களும் சொந்தபந்தத்துல கேளுங்க. இன்னும் ரெண்டு பேராவது வேணும், அதுவும் இன்னைக்கே வேணும்."

நான் வராந்தாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுகிறேன். என் மகள் தாமரைச்செல்வி சுவரோரமாக நின்று போனை நோண்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"ஏண்டி, உங்கப்பன் உள்ள உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடக்கறாரு, இப்பவும் அந்தச் சனியன்தான் கேக்குதா உனக்கு?" என்று பிடுங்கப் போனேன்.

"கொஞ்சம் சும்மா இரும்மா! ரத்தத்துக்குத்தான் போட்டுக்கிட்டிருக்கேன்."

அவள் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இன்ஸ்டாகிராமில் போட்டாள், காலேஜ் பிள்ளைகளுக்கு அனுப்பினாள், ரத்தம் கொடுக்கிறவர்கள் குரூப் ஏதோ இருக்கிறதாம், அதிலும் போட்டாள். பூவுமில்லை, விளக்குமில்லை. என்ன ரத்தம், எந்த ஆஸ்பத்திரி, யாரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். சொந்தங்கள் குரூப்பிலும் போட்டாள். அங்கேதான் பதில் உடனே வந்தது. என்ன பதில்? கும்பிடு. வரிசையாகக் கூப்பிய கைகள். 'கொல்லிமலைச் சாமி காப்பாத்தும்' என்று ஒருத்தர். முதல் கும்பிடு ஆறுமுகசாமி மாமாவுடையது. நான் வாரேன் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லவில்லை.

முகம் தெரியாத ஒருத்தன்தான் கூப்பிட்டான். பெயர் அருள், மலைமேல் வாசலூர்பட்டி படகு இல்லத்தில் வேலையாம். மகளின் காலேஜ்க்காரி ஒருத்தி போட்டதைப் பார்த்தானாம். போனை நான் வாங்கிப் பேசினேன்.

"அக்கா, எனக்கு ஓ நெகட்டிவ்தானுங்க. வேலைக்கு லீவு சொல்லிட்டேன். முள்ளுக்குறிச்சி வழியா வர்ற பஸ்ஸுல ஏறிட்டேன், வாரேனுங்க."

"நல்லா இருப்பே சாமி" என்று அழுதேன். போன உயிரில் பாதி திரும்பி வந்தது.

பஸ் வந்து சேர்ந்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ஆளைக் காணோம். கூப்பிட்டால் போன் கிடைக்கவில்லை. டாக்டரம்மா ஒரு தடவை வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்த நேரம் மகளுக்கு அவள் சிநேகிதி போன் பண்ணினாள். பேச்சே இல்லை, ஒரே அழுகை. "எதுக்குடி அழுவுற?" என்று கேட்டுக்கொண்டே குரூப்பைத் திறந்தவள், அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

வாங்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் என் புருஷன், மகள் காதுகுத்துக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்ற போட்டோ. 'எனதருமைத் தம்பி பூபதி அவர்கள் இயற்கை எய்தினார். கண்ணீருடன், ஆறுமுகசாமி.' அதற்குக் கீழே ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ரத்தம் கேட்டு மகள் போட்டது எங்கேயோ மேலே போய் மறைந்துவிட்டது.

நான் உள்ளே ஓடினேன். நர்ஸ் தடுத்ததைக் கேட்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தார், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

வெளியே வந்தால் மகள் இன்னொன்றைக் காட்டினாள். அருள் அனுப்பியிருந்தான். 'அக்கா, இப்பதான் பார்த்தேன். மனசத் தேத்திக்குங்க. முள்ளுக்குறிச்சியில இறங்கிட்டேன், மேல போற பஸ் நிக்குது, திரும்பறேன்.'

அடப்பாவி மனுசா! அடிவாரத்தில் சிக்னல் கிடைத்ததும் அருள் போனைத் திறந்திருக்கிறான், யாரோ அனுப்பிய அந்த விளக்கும் வேட்டியும் வந்து நின்றிருக்கிறது. இப்போது அவன் பஸ் வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும். அங்கே யார் கூப்பிட்டாலும் போன் எடுக்காது. மாமாவைக் கூப்பிட்டேன். அவரும் கிடைக்கவில்லை. 'எங்கப்பா உயிரோட இருக்காரு, தயவுசெஞ்சு நம்பாதீங்க' என்று மகள் குரூப்பில் போட்டாள். அதற்கும் கீழே ஒருத்தர் 'ஆழ்ந்த இரங்கல் கண்ணு' என்று எழுதினார். படிக்கவே மாட்டார்களா? கண் எதற்கு இருக்கிறது இவர்களுக்கு?

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று. என் புருஷனுக்குத் தங்கை முறையாகிற பாப்பாயி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே அண்ணா" என்று இறங்கினாள். ஆம்பளைகள் கையில் மாலை. கடைசியாக இறங்கினான் என் அண்ணன் அருணாசலம், அரியூர் நாட்டிலிருந்து. அவன் கையில் துணிக்கடைக் கவர். எனக்குப் புரிந்துவிட்டது. புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து பொண்டாட்டிக்குப் போடுகிற கோடிப் புடவை. உள்ளே என் புருஷன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார், வெளியே எனக்குத் தாலியறுக்கப் புடவை வந்து நிற்கிறது.

எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது.

"நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆட்டோ ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. "யாரு செத்தா? எவன் சொன்னான்? அண்ணா, அந்தக் கவரைத் தூக்கிக்கிட்டு அந்தாண்ட போ. என் கண்ணுல பட்டுச்சுன்னா கிழிச்சுப் போட்டுருவேன்!"

பாப்பாயி ஒப்பாரியை அப்படியே விழுங்கினாள். ஆறுமுகசாமி மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் போன்.

"உசுரோடவா இருக்கான்? ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்பவே தேறாதுன்னு மிளகு பறிக்க வந்த செங்கோடன் சொன்னானே கண்ணு..."

"சொன்னா? போட்டுருவீங்களா மாமா? எனக்கு ஒரு போன் போட்டுக் கேக்க முடியாதுங்களா?"

"இன்னைக்கோ நாளைக்கோன்னு சொன்னாங்க. நாம லேட் பண்ணுனா அந்தக் கவியரசன்..." பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் சொல்லிவிட்டாரே! சொந்தத் தம்பி சாவில் கவியரசன் முந்திவிடக் கூடாதாம்.

"அதை இப்பவே எடுங்க."

போனை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். "போடத்தான் தெரியும் கண்ணு. எடுக்கறது எப்படின்னு..." தாமரைச்செல்வி வெடுக்கென்று பிடுங்கி அழித்தாள். இரண்டு தட்டு, அவ்வளவுதான். நானும் அந்த வினாடி வரைக்கும் அவரை என்னவெல்லாமோ பண்ண நினைத்தேன். ஆனால் மாலையும் கையுமாக நின்ற அத்தனை முகத்தையும் பார்த்தபோது ஆத்திரம் அவரை விட்டு எல்லார் மேலும் பாய்ந்தது.

"ரத்தம் வேணும்னு எம்பொண்ணு கெஞ்சுனாளே, அப்ப எங்க போனீங்க எல்லாரும்? கும்பிடு போட்டீங்க. இருக்கற மனுசனுக்குக் கும்பிடு, செத்தவனுக்கு ரெண்டு வேனா? மலையிலிருந்து இறங்கி வர அவ்வளவு நேரம் இருந்திருக்குதே! அந்த மாலையெல்லாம் கீழ போடுங்க. ஒருத்தர் விடாம உள்ள வாங்க. ரத்தம் பார்க்காம இந்த வாசலைத் தாண்டி எவரும் போகக் கூடாது!"

"எனக்குச் சுகருங்க" என்றது ஒரு குரல். "நான் விரதமுங்க" என்றது இன்னொன்று. ஒருத்தர் வேன் பக்கம் நழுவினார். போய் வேன் சாவியைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன். முதலில் நடந்தது பாப்பாயிதான். முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "எந்தக் கையிம்மா நீட்டோணும்?" என்று நர்ஸிடம் போய் நின்றாள். அதற்குப் பிறகு ஆம்பளைகளுக்கு வெட்கம் வந்தது. ஒவ்வொருத்தராக விரலில் குத்திப் பார்த்தார்கள். பாப்பாயிக்குச் சேரவில்லை. என் அண்ணனுக்குச் சேரவில்லை. மிச்சம் நிற்கிற ஆளை நான் எண்ணிக்கொண்டே நின்றேன்.

சேர்ந்தது ஆறுமுகசாமி மாமாவுக்கு.

கூடப்பிறந்தவர், அதே ரத்தம். காலையிலிருந்து அவர் உடம்பிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. தன் குரூப் என்னவென்று தெரியாமல், ஒருத்தரைக் கேட்கவும் தோன்றாமல், கும்பிடு போட்டுவிட்டு, தம்பி போட்டோவுக்கு விளக்கு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறார். படுக்கச் சொன்னதும் முகம் வேர்த்தது. "வலிக்குமாங்க?" என்று கேட்டார். ஊசி ஏறியதும் இன்னொரு கையால் போனை உயர்த்தித் தன்னைப் படம் எடுத்துக்கொண்டார். அடிக்கப் போன என் கையை மகள் பிடித்துக்கொண்டாள்.

அருள் பொழுது சாயும்போது வந்தான். வாசலூர்பட்டிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மகள் அனுப்பியதைப் பார்த்தானாம். யாரிடமோ பைக் வாங்கிக்கொண்டு திரும்ப இறங்கியிருக்கிறான். ரத்தம் கொடுத்தான், கொடுத்த ஜூஸைக் குடித்தான், "தேறிருவாருங்க அக்கா" என்றான், கிளம்பிவிட்டான். படம் எடுக்கவும் இல்லை, போடவும் இல்லை. ஆபரேஷன் நடந்தது. என் புருஷன் பிழைத்தார்.

மூன்றாம் நாள் மகள் போனைக் காட்டினாள். மாமா போட்டிருக்கிறார். கையில் ஊசியோடு படுத்திருக்கிற படம். 'அடியேன் போட்ட ஒரே பதிவைக் கண்டு இரண்டு வேன்களில் ஓடோடி வந்த சொந்தங்களால் என் தம்பி உயிர் பிழைத்தான். என் ரத்தத்தையும் வழங்கினேன்.' கீழே வாழ்த்து குவிந்து கிடக்கிறது. வயிறு எரிந்தது. எரியாதா? ஏனென்றால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவர் சாகடிக்காமல் இருந்திருந்தால் அந்த வேன் கிளம்பியே இருக்காது.

இன்றைக்கு விடப்போவதில்லை, எல்லாவற்றையும் என் புருஷனிடம் சொல்லிவிட வேண்டும், அண்ணன் உறவும் வேண்டாம் ஆட்டுக்குட்டி உறவும் வேண்டாம் என்று கஞ்சித் தூக்கோடு வார்டுக்குள் போனேன். மாமா அதற்குள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். என் வீட்டுக்காரர் என்னைக் கண்டதும் கையை நீட்டினார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அண்ணன் சொன்னாரு ஜெயசுதா. ரத்தம் வேணும்னதும் நம்ம சனம் மொத்தமும் வேன் புடிச்சு ஓடியாந்துச்சாமே? பாப்பாயி முதல் ஆளா கைய நீட்டுனாளாமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விழுந்தப்ப என்ன நெனச்சேன் தெரியுமா? நமக்குன்னு யாரு வரப்போறா, நீயும் புள்ளையும் தனியாத்தான் நிப்பீங்கன்னு நெனச்சேன்."

தாமரைச்செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கோடிப் புடவை வந்தது, மாலை வந்தது, எல்லாம் வந்தது.

"சொல்லு, எல்லாரும் வந்தாங்களா?"

"ஆமாங்க" என்றேன். "ஒருத்தர் விடாம வந்தாங்க."