வலி நின்றுபோன கடைவாய்ப்பல்

தீ எச்சரிக்கை மணி மாட்டுகிற வேலை என்பதால் அவருக்கு மணிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மூன்று ஆள் உயர ஏணியில் நின்றுகொண்டு ஒற்றைக் கையால் திருகாணி முடுக்குவார். அப்பேர்ப்பட்டவர் கொஞ்ச நாளாக இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். காப்பி பட்டால் ஒரு துள்ளல், தண்ணீர் பட்டால் இரண்டு துள்ளல்.

பார்க்கச் சகிக்காமல் மனைவிதான் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். சொத்தை நரம்பு வரைக்கும் போய்விட்டது, ரூட் கெனால் செய்தால் பல்லைக் காப்பாற்றலாம், வியாழக்கிழமை வாருங்கள் என்றார். வலது பக்கம் இப்படித்தான் நாளைக் கடத்திக் கடத்திக் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கும்படி ஆனது. இனி மெல்லுவதற்கென்று இருப்பது இந்த ஒன்றுதான். இதுவும் போனால் வறுத்த வேர்க்கடலைக்கும் அவருக்கும் உள்ள உறவு முறிந்தது. இதெல்லாம் மனுஷனுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனால் ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே அவர் கண் வாசல் பக்கம் போய்விடும்.

புதன்கிழமை காலையில் வலி நின்றுவிட்டது.

மணிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஐஸ் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. உடனே கிளினிக்குக்கு போன் போட்டு, அவசரமாக ஊருக்குப் போகிறேன் என்றார். மனைவியிடம், டாக்டருக்கே உடம்பு சரியில்லையாம் என்றார். பாவம், அந்த அம்மா நன்றாகத்தான் இருந்தார்.

அடுத்த வாரம் கம்பெனியில் ஒரு கட்டடத்தின் பெயரைச் சொல்லி, எல்லா மணியையும் சோதித்துவிட்டு வரச் சொன்னார்கள். அதே கட்டடம். இரண்டாவது மாடியில் அதே கிளினிக். தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ஏணியோடு உள்ளே போனார்.

"ஊருக்குப் போனீங்களே சார், எப்ப வந்தீங்க?" என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

"இப்பதாம்மா" என்று மழுப்பிவிட்டு அவசரமாக ஏணியில் ஏறினார். கூரையில் இருந்த புகை உணரும் கருவியைத் திறந்தால் உள்ளே பேட்டரியைக் காணோம்.

"பேட்டரி எங்கம்மா?"

"அது கீ கீன்னு கத்திட்டே இருந்துச்சு சார். கழட்டிட்டேன். இப்ப ஒரு தொந்தரவும் இல்ல."

வந்ததே கோபம்! தொப்பி எங்கே போயிற்றென்று அவருக்கே தெரியாது.

"கழட்டிட்டியா? ஏம்மா, அது கத்தலன்னா எல்லாம் சரியாயிடுச்சுன்னு அர்த்தமா? உள்ள எரிஞ்சுக்கிட்டே இருக்கும், சொல்றதுக்குத்தான் ஆள் இருக்காது. சத்தம் நின்னா சந்தோஷப்படக்கூடாது, பயப்படணும்!"

காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் கன்னத்தைப் பிடித்தபடியே தலையாட்டினார்கள். உள்ளறைக் கதவோரம் டாக்டரம்மா கையுறையோடு நின்றிருந்தார்.

"ரொம்பச் சரியாச் சொன்னீங்க சார். உங்க பல்லு எப்படி இருக்கு?"

"வலி சுத்தமா நின்னுடுச்சு டாக்டர்" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் உறைத்தது. ஏணி உச்சியில் ஒளிய இடம் ஏது?

"இறங்கி வாங்க" என்றார் டாக்டரம்மா.

நாற்காலியில் சாய வைத்து, ஜில்லென்ற பஞ்சைப் பக்கத்துப் பல்லில் வைத்தார். மணிக்காரர் துள்ளினார். வலித்த பல்லில் வைத்தார். மணிக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"பாத்தீங்களா டாக்டர், ஜம்முனு இருக்கு!"

"ஜில்லுனு தெரியணும் சார். தெரியலன்னா நரம்பு செத்துப்போச்சு. கிருமி உள்ளயே இருந்து எலும்பை அரிக்கும். இப்பச் செஞ்சா பல்லு நிக்கும். தள்ளிப்போட்டா வீங்கும், அப்புறம் பிடுங்கத்தான் வேணும்."

வலது பக்கத்துக் காலி இடத்தை அவர் நாக்கால் தடவிப் பார்த்தார். "பயமா இருக்கு டாக்டர்" என்றார். கட்டின மனைவியிடம்கூடச் சொல்லாத வார்த்தை அது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஊசி போடறப்ப ஒரு சுருக். அப்புறம் மரத்துடும். வலிச்சா கையத் தூக்குங்க, நிறுத்திடறேன்."

மணிக்காரர் கையைத் தூக்கினார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல சார்."

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அதற்குப் பிறகு அவர் கையைத் தூக்கவே இல்லை. பாதியில் கொஞ்சம் கண்ணயர்ந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

"இப்பத் தற்காலிகமா அடைச்சிருக்கேன்" என்றார் டாக்டரம்மா. "மரமரப்பு போற வரைக்கும் சாப்பிடாதீங்க, கன்னத்தைக் கடிச்சுக்குவீங்க. அடுத்த வாரம் வாங்க, வேரை நிரப்பணும். அப்புறம் மேல கேப் போடணும். கேப் போடாம கடலை கடிச்சா பல்லு ரெண்டாப் பிளந்துடும். வலியே இல்லன்னாலும் வரணும், சரியா?"

அவர் ஆட்டிய தலையை நம்பாமல், டாக்டரம்மா அவர் எதிரிலேயே வீட்டுக்கு போன் போட்டார். மறுமுனையில் மனைவி எடுத்த எடுப்பில், "இப்ப உடம்பு தேவலையா டாக்டர்?" என்று கேட்டது நாற்காலி வரைக்கும் கேட்டது. மணிக்காரருக்கு மரத்துப்போன பக்கமும் சேர்த்து அசடு வழிந்தது.

அன்று இரவு வீட்டில் நடந்ததைச் சொல்லி அவர் மானத்தை வாங்க வேண்டாம். கடலை டப்பா மட்டும் பரண்மேல் போயிற்று.

அடுத்த வாரம், போக வேண்டிய நாளும் வந்தது. காலையில் மனைவி அடுப்படியிலிருந்து, "பல்லு எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள்.

மணிக்காரர் தட்டிப் பார்த்தார், கடித்துப் பார்த்தார், வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கொப்பளித்துப் பார்த்தார். "சுத்தமா வலியே இல்ல" என்றார்.

மனைவி அடுப்பை அணைத்தாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அய்யோ, அவ்வளவு மோசமா இருக்கா? கிளம்புங்க."

அவர் பரணை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.